பொது நோக்கம் முதலில், உதவி மேசை பிறகு: சிங்கப்பூரில் கட்டற்ற மென்பொருளை அக்கம்பக்கத்துக்கு எடுத்துச் செல்வது

#1 நிரலோடை

வணக்கம். செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை மென்பொருள் விடுதலை நாள். அதையொட்டி சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் மாதம் ஒருமுறை உதவி மேசை போடலாம் என்று நம் குழுவில் பலரும் சொல்லிவருகிறார்கள். இடமும் தேதியும் பேசுவதற்கு முன் நோக்கத்தை எழுதி முடித்துவிடுவோம். ஒரு பக்கம் போதும், தமிழில்.

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது; இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். அதற்கு முந்திய மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மக்கள் வருவார்கள். ஒரு தொண்டூழியர் மென்பொருளைப் பயன்படுத்த, ஆராய, மாற்ற, பகிர என்ற நான்கு சுதந்திரங்களை விளக்குகிறார், பக்கத்தில் இருப்பவர் கிடைத்த இயக்கிகளையெல்லாம் ஏற்றித் தருகிறார், மூன்றாமவர் "விண்டோஸே இருக்கட்டும், ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் போட்டுத் தருகிறேன்" என்கிறார் என்று வையுங்கள். வந்தவருக்கு நாம் யார், எதற்கு உட்கார்ந்திருக்கிறோம் என்பதே பிடிபடாது.

படித்துப் பார்க்க வேண்டிய முன்மாதிரிகள் இரண்டு. டெபியன் என்ற லினக்ஸ் வழங்கல் 1997இல் ஏற்றுக்கொண்ட சமூக ஒப்பந்தம், பயனர்களுக்கும் கட்டற்ற மென்பொருள் உலகுக்கும் எதைத் தருவோம், எதை மறைக்கமாட்டோம் என்று வாக்குறுதிகளாகப் பேசுகிறது. இன்னொரு லினக்ஸ் வழங்கலான ஃபெடோராவின் அடித்தளங்கள் சுதந்திரம், நட்பு, வசதிகள், முதன்மை என்ற நான்கு சொற்கள். சொற்கள் உற்சாகம் தரும். ஆனால் எதிரே ஒருவர் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும்போது முடிவெடுக்க உதவுவது வாக்குறுதிதான். அதனால் ஒப்பந்த வடிவத்தையே நான் விரும்புகிறேன்.

எழுதும் வரைவை இப்படிச் சோதிப்போம். மேசையில் கட்டாயம் வரப்போகும் சிக்கல்களை அதன் முன் வைப்போம். கட்டற்ற ஃபர்ம்வேர் (சில்லுக்குள் ஓடும் மென்பொருள்) இல்லாத வைஃபை சில்லு. திருட்டு ஆபிஸ் போட்டுத்தரச் சொல்லும் வேண்டுகோள். பள்ளி வழி வாங்கிய கருவியோடு வரும் மாணவர். வாட்ஸ்அப் குழு மட்டும்தான் பார்ப்பேன் என்னும் பெரியவர். நிறுவனத்தின் சின்னத்தைப் போட்டால் பானமும் பலகாரமும் தருகிறேன் என்னும் ஆதரவாளர். இவற்றுக்கு வரைவு பதில் சொல்லவில்லை என்றால் அது சுவரில் மாட்டத்தான் உதவும்.

முறை: வரைவை இங்கேயே இடுகிறேன். ஏழு நாள் திறந்திருக்கும். மறுப்பவர் தம் மாற்று வாக்கியத்தையும் சேர்த்து எழுத வேண்டும். எழுதாதவர் சம்மதித்ததாகக் கொள்வோம். முடிந்ததை கிட் களஞ்சியத்தில் வைத்தால் யார், எப்போது, ஏன் மாற்றினார் என்பது நிலைத்திருக்கும்.

#2 மூலநிரல்

நல்ல தொடக்கம். வைஃபை சில்லையே முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் இதன் நீட்சி.

2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து, கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ நிறுவியிலேயே சேர்க்க முடிவுசெய்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அப்படித்தான். சமூக ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவையே அதற்காகத் திருத்தினார்கள். அதாவது நோக்கத்துக்கும் நடைமுறைக்கும் முரண் வந்தபோது அதை மூடி மறைக்காமல், வாக்கெடுத்து, எழுத்தை மாற்றினார்கள். நாமும் அந்த நேர்மையைக் கடைப்பிடிக்க வேண்டும். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இன்றும் டெபியனைத் தன் பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. ட்ரிஸ்குவெல், குவிக்ஸ் போன்ற வழங்கல்களே அதில் உண்டு.

என் நிலைப்பாடு: மேசையில் கட்டற்றதல்லாத எதையும் சொல்லாமல் ஏற்றக்கூடாது. மாற்று உண்டு. ஏத்தரோஸ் ஏஆர்9271 சில்லு கொண்ட யூஎஸ்பி வைஃபை குச்சிக்கு ஃபர்ம்வேரின் மூலநிரலே திறந்து கிடைக்கிறது. செருகினால் ட்ரிஸ்குவெலிலும் உடனே ஓடும். நான்கைந்து குச்சிகளை மேசையில் வைத்திருந்து, தேவைப்படுபவருக்கு அடக்க விலைக்குக் கொடுக்கலாம்.

#3 கம்பிவடம்

மூலநிரல் அண்ணே, குச்சியின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஏஆர்9271 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். ஏட்டளவில் 150 எம்பிபிஎஸ், நடப்பில் அதில் பாதி வந்தாலே நல்லது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் ஒரு வீட்டிலிருந்து பார்த்தால் அக்கம்பக்கத்துத் திசைவிகள் இருபது முப்பது தெரியும், 2.4இல் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே. மாலை நேரத்தில் காணொளி அழைப்பு அறுந்து அறுந்து வரும். "லினக்ஸ் போட்டதும் இணையம் மெதுவாகிவிட்டது" என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்பும். குச்சியை ஒரு தெரிவாக வைக்கலாம், கட்டாயமாக வைக்க முடியாது.

மேசைக்கு வேண்டியவற்றை எழுதிவிடுகிறேன். நோக்கம் எதுவானாலும் இது மாறாது.

மூன்று மணி நேர அமர்வு, நான்கு இருக்கை. ஒரு கணினிக்குத் தரவு நகல், நிறுவல், தமிழ் அமைப்பு, விளக்கம் எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். கணக்குப்படி எட்டு முடியும். ஆனால் பதிவை ஆறோடு நிறுத்துங்கள், ஒன்றிரண்டு கண்டிப்பாக இழுக்கும்.

மின்சாரம்: நம் சுவர்ச் செருகி 13 ஆம்பியர், 230 வோல்ட், சுமார் 3,000 வாட் தாங்கும். மடிக்கணினி ஒன்று 45 முதல் 65 வாட். எட்டு வைத்தாலும் 520 வாட்தான். ஆபத்து சுமையில் இல்லை. நீட்டிப்பு வடத்தில் இன்னொரு நீட்டிப்பைச் செருகுவதிலும், சுருள் வடத்தை முழுதும் விரிக்காமல் விடுவதிலும், நடைபாதையில் ஓடும் வடத்தை ஒட்டாமல் விடுவதிலும்தான். பாதுகாப்பு முத்திரை உள்ள வடத்தையே கொண்டுவாருங்கள். முத்திரை இல்லாததை மன்ற ஊழியர் செருக விடாவிட்டால் வாதாட முடியாது.

இணையம்: பொது இடத்து வயர்லஸ்@எஸ்ஜியை நம்பி நிறுவல் நடத்தாதீர்கள். ஒவ்வொரு கருவியும் தனித்தனியாக நுழைவுச் சரிபார்ப்பு செய்ய வேண்டும். இத்தகைய பொது வலைகளில் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி பிரித்தும் வைத்திருப்பார்கள். நம் சொந்தத் திசைவி ஒன்று, ஓபன்டபிள்யூஆர்டி என்ற கட்டற்ற திசைவி இயங்குதளம் போட்டது. அதில் கைத்தொலைபேசி இணைப்பு. பக்கத்தில் ஆப்ட்-காச்சர்-என்ஜி என்ற பொதிச் சேமிப்பு நிரல் ஓடும் ஒரு மடிக்கணினி, வாயில் (port) எண் 3142. முதல் கணினி இறக்கிய பொதிகளை அடுத்த ஐந்தும் உள்ளுக்குள்ளேயே எடுத்துக்கொள்ளும்.

யூஎஸ்பி குச்சி ஆறு, 16 ஜிபி. நிறுவியின் பிம்பக் கோப்பின் எஸ்ஹெச்ஏ256 சரிபார்ப்புத் தொகையை வீட்டிலேயே சரிபார்த்து, பதிப்பையும் தேதியையும் குச்சியில் ஒட்டிவிடுங்கள். பழைய பதிப்பைப் போட்டால் புதுப்பிப்புக்கே அரை மணி நேரம் போய்விடும்.

காப்புக்கு 1 டிபி வெளிவட்டு. 120 ஜிபி தரவை யூஎஸ்பி 3இல் நொடிக்கு 100 எம்பி வேகத்தில் எடுத்தால் 20 நிமிடம். அதே தரவு யூஎஸ்பி 2 துளையில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். நீலத் துளையைத் தேடிச் செருகுங்கள். அமர்வு முடிந்ததும் வந்தவர் கண்முன்னே அந்த நகலை அழித்துவிட வேண்டும்.

இனி, நிறுவலில் கவிழும் இடங்கள். பெரும்பாலும் மூன்றுதான்.

பிட்லாக்கர். உரிமையாளருக்கே தெரியாமல் வட்டு மறையாக்கம் ஓடிக்கொண்டிருக்கும். செக்யூர் பூட்டையோ தொடக்க வரிசையையோ தொட்டதும் விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கின் கடவுச்சொல் பிள்ளைக்குத்தான் தெரியும், பிள்ளை அந்த நேரம் துணைப்பாட வகுப்பில் இருக்கும். ஆகவே பதிவுக் குறுஞ்செய்தியிலேயே "மீட்புச் சாவியை எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லிவிட வேண்டும். சாவி இல்லாமல் வந்தவரின் கணினியை அன்று தொடாதீர்கள்.

இன்டெல் ஆர்எஸ்டி, அதாவது வட்டுகளை நிர்வகிக்கும் இன்டெல் அமைப்பு. பயாஸில் வட்டு ரெய்டு முறையில் இருந்தால் நிறுவிக்கு வட்டே தெரியாது. ஏஹெச்சிஐ என்ற சாதாரண முறைக்கு மாற்ற வேண்டும். ஆனால் விண்டோஸையும் வைத்துக்கொள்வதாக இருந்தால், முதலில் அதைப் பாதுகாப்பு முறையில் தொடங்கும்படி அமைத்துவிட்டு மாற்றுங்கள். நேராக மாற்றினால் நீலத்திரை.

வேகத் தொடக்கம். இது அணைக்கப்படாமல் இருந்தால் விண்டோஸ் பகுதி பாதித் தூக்கத்தில் கிடக்கும். லினக்ஸ் அதைப் படிக்க மட்டும் திறக்கும், எழுத விடாது. பகுதியைச் சுருக்கும் வேலையையும் விண்டோஸுக்குள்ளிருந்தே செய்யுங்கள்.

பேட்டரி உப்பியிருந்தால் செருகவே வேண்டாம். அடிமூடி மேசையில் படியாமல் ஆடினாலோ, தொடுபலகை மேலே எழும்பியிருந்தாலோ அதுதான் அடையாளம்.

#4 பலகைக்கல்

மாணவர் கருவி பற்றி ஒரே பதில்: தொடாதீர்கள். தேசிய மின்னிலக்கத் தேர்ச்சித் திட்டத்தின் கீழ் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வைத்திருக்கும் கற்றல் கருவிகளில் கருவி நிர்வாகச் செயலி இருக்கிறது. இயங்குதளத்தை அழித்தால் மாணவர் திங்கட்கிழமை வகுப்பில் மாட்டிக்கொள்வார். பெற்றோர் எதிரில் நின்று கேட்டாலும் மறுக்க வேண்டும். அலுவலகக் கணினிக்கும் இதே விதி.

அதே மாணவரை வெறுங்கையோடு அனுப்பத் தேவையில்லை. வீட்டிலுள்ள பழைய கணினியைக் கொண்டுவரச் சொல்லலாம். மாணவர் கற்றல் தளம் உலாவியில் ஓடுவது, லினக்ஸிலும் ஓடும்.

காலண்டரையும் பாருங்கள். செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை பள்ளி விடுமுறை வாரம் முடிந்த பிறகு வருகிறது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் எழுத்துத் தாள்கள் அந்த மாதக் கடைசியில். பிள்ளை உள்ள வீட்டிலிருந்து ஒருவரும் வரமாட்டார்கள். குடும்பங்களுக்கான மேசையை ஜூன் விடுமுறையிலோ நவம்பர் பிற்பாதியிலோ வையுங்கள். மென்பொருள் விடுதலை நாளைப் பெரியவர்களுக்கென்று ஒதுக்குங்கள். ஏப்ரல் தமிழ்மொழி விழாவில் வளர்தமிழ் இயக்கத்தின் ஆதரவோடு நடக்கும் நிகழ்ச்சிகளுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். விழா நெருங்கும்போது கேட்டால் கதவு மூடியிருக்கும்.

#5 ஞாயிறு தேக்கா

இதுவரை பேசியது எல்லாம் மடிக்கணினி. ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் நிற்கும் தமிழர்களில் மிகப் பலர் வெளிநாட்டு ஊழியர்கள். அவர்களிடம் இருப்பது ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசி ஒன்றுதான். நம் நோக்கத்தில் "கணினி" என்று எழுதினாலே அவர்களை வாசலில் நிறுத்தியதாகிவிடும்.

ஆனால் இங்கே ஒரு பெரிய எச்சரிக்கை. கட்டற்ற ஆண்ட்ராய்டு செயலிகளின் களஞ்சியமான எஃப்-டிராய்டை அறிமுகப்படுத்துவதுதான் நமக்கு முதலில் தோன்றும். சிங்கப்பூரில் அதைப் பொதுமேசையில் செய்யக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. 2023இல் வெளியிலிருந்து இறக்கிய ஏபிகே (ஆண்ட்ராய்டு நிறுவல்) கோப்புகள் வழி வங்கிக் கணக்கைக் காலிசெய்யும் மோசடி இங்கே பரவியது. செயலிக் கடைக்கு வெளியிலிருந்து எதையும் நிறுவாதீர்கள் என்று காவல்துறை இடைவிடாமல் சொல்லிவருகிறது. சில வங்கிச் செயலிகள், ஆபத்தான அனுமதி கொண்ட வெளிச்செயலி இருந்தாலே திறக்க மறுக்கின்றன. 2024 பிப்ரவரியில் கூகல், சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்போடு சேர்ந்து ஒரு முன்னோட்டத்தை இங்கே தொடங்கியது: குறுஞ்செய்தியைப் பெறுதல், படித்தல், அறிவிப்புகளைக் கவனித்தல், அணுகல்தன்மை ஆகிய நான்கில் ஒன்றைக் கேட்கும் செயலியை இணையத்திலிருந்து நேரடியாக இறக்கி நிறுவ முயன்றால் கூகலின் பாதுகாப்புச் சோதனையான பிளே புரொடெக்ட் தடுத்துவிடும்.

இந்த நிலையில் ஓர் ஊழியருக்கு "தெரியாத மூலங்களை அனுமதி" என்ற பொத்தானைக் காட்டிக் கொடுத்தோமானால், அடுத்த வாரம் வேறொருவன் "இதுவும் அப்படித்தான், அழுத்துங்கள்" என்று சொல்லும்போது தயங்காமல் அழுத்துவார். ஊருக்கு அனுப்ப வைத்திருந்த பணம் போகும். எஃப்-டிராய்டு நல்ல களஞ்சியம்தான், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுப்பதன் விலையை அவர் அல்லவா கட்டுகிறார்?

பிளே ஸ்டோரிலேயே கிடைக்கும் கட்டற்ற செயலிகள் போதுமான அளவு உண்டு. ஃபயர்ஃபாக்ஸ், அதில் யூபிளாக் ஒரிஜின் நீட்சி, போலி விளம்பரங்களைத் தடுக்கும் என்பதால் மோசடிக்கும் ஓர் அணை. வரைபடத்துக்கு ஆர்கானிக் மேப்ஸ், ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவில், தரவுக் கட்டணம் இல்லாமல் ஓடும். கடவுச்சொல்லுக்கு கீபாஸ்டிஎக்ஸ். பாட்டும் படமும் விஎல்சி. கிவிக்ஸில் தமிழ் விக்கிப்பீடியாவை ஒருமுறை இறக்கிவிட்டால் விடுதியில் இணையமே இல்லாமல் படிக்கலாம். இறக்கும் வேலையை நம் திசைவியில் முடித்துக்கொடுங்கள். முன்கட்டண அட்டையின் தரவைத் தின்னக்கூடாது.

கீபாஸ்டிஎக்ஸ் அமைக்கும்போது கோப்பின் நகல் ஒன்றை வேறிடத்தில் வைக்கச் சொல்லாமல் அனுப்பினால், கைத்தொலைபேசி தொலையும் நாளில் எல்லாக் கடவுச்சொல்லும் தொலையும். தலைமைக் கடவுச்சொல்லை நாம் கேட்கவும் கூடாது, எழுதிக் கொடுக்கவும் கூடாது.

இடம்: தெருவோரத்தில் அனுமதி இல்லாமல் மேசை போட முடியாது. ஊழியர்களுக்கான பொழுதுபோக்கு நிலையங்களின் நிர்வாகத்தோடு பேசுங்கள். ஞாயிறு மாலை 4 மணிக்கு மேல் வைக்காதீர்கள், விடுதிக்குத் திரும்பும் பேருந்துக்கு வரிசை தொடங்கிவிடும்.

#6 மூலநிரல்

எஃப்-டிராய்டு பற்றி நீங்கள் சொன்னது எனக்குக் கசக்கிறது, ஆனால் மறுக்க முடியவில்லை. மேசைக்கு பிளே ஸ்டோர் மட்டும் என்று ஏற்றுக்கொள்கிறேன். தம் கைத்தொலைபேசியைத் தாமே பராமரிக்கத் தெரிந்தவர்களுக்குத் தனியாக ஒரு வகுப்பு வைப்போம், அங்கே எஃப்-டிராய்டு கையொப்பத்தைச் சரிபார்ப்பதிலிருந்து சொல்லிக்கொடுப்போம்.

வைஃபைக்கு என் திருத்தம் இது. ஃபர்ம்வேர் ஏற்றலாம். ஏற்றினால், வந்தவர் கையில் ஒரு தாள் கொடுக்க வேண்டும்: இந்தக் கணினியில் கட்டற்றதல்லாத கூறுகள் இவை, ஒவ்வொன்றும் எதற்கு, மாற்று என்ன. டெபியனில் பழைய விஆர்எம்எஸ் கருவியின் வாரிசு செக்-டிஎஃப்எஸ்ஜி-ஸ்டேட்டஸ் அந்தப் பட்டியலை ஒரு நொடியில் தரும். அதைத் தமிழில் அச்சிட வேண்டியதுதான் பாக்கி.

#7 எழுத்துருக்காரன்

தமிழ் மேசை என்று பெயர் வைத்துவிட்டுத் தமிழை அரைகுறையாக அமைத்தால் மானம் போகும். மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

லோகேல், அதாவது மொழி, நாட்டு வழக்கு அமைப்பு. லினக்ஸின் அடிப்படை நூலகமான கிளிப்சியில் தமிழுக்கு இந்தியா, இலங்கை என்று இரண்டே உண்டு. சிங்கப்பூர்த் தமிழுக்கு இல்லை. தமிழ் இந்தியாவை அப்படியே தேர்ந்தெடுத்தால் பணக்குறி ரூபாயாக வரும், பத்து லட்சம் 10,00,000 என்று பிரியும். இங்கே கணக்கு எழுதுபவர் அதைப் பார்த்துத் தடுமாறுவார். தீர்வு எளிது: மொழி தமிழ் இந்தியா, எண், பணம், தேதி, தாள் அளவு ஆகியவற்றுக்கு ஆங்கிலம் சிங்கப்பூர். க்னோமில் "மொழி", "வடிவங்கள்" என்று இரண்டும் தனித்தனியாகவே இருக்கின்றன. இரண்டு லோகேல்களையும் உருவாக்கியிருக்க வேண்டும். ஒன்றை விட்டால் முனையத்தில் எச்சரிக்கை வரிகள் கொட்டும். யூனிகோடின் சிஎல்டிஆர் என்ற வட்டார வழக்குத் தரவில் சிங்கப்பூர்த் தமிழ் ஏற்கெனவே உள்ளது. கிளிப்சிக்கு அதைக் கொண்டுபோவது நம் குழு செய்யக்கூடிய, உலகத்துக்கே பயன்படும் சின்ன வேலை. நோக்கத்தில் "எடுப்பது மட்டுமன்றி மேலூற்றுக்கு (மென்பொருளை உருவாக்கும் மூலத் திட்டத்துக்கு) திருப்பிக் கொடுப்போம்" என்று எழுதினால் இதுதான் முதல் பணி.

விசைப்பலகை. தமிழ்99 என்ற பெயரில் இரண்டு கிடைக்கும். லினக்ஸின் இயல்பான விசைப்பலகை அமைப்பான எக்ஸ்கேபியில் இருப்பது ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற வெறும் பொருத்தம். தானாகப் புள்ளி விழும் விதி அதில் வேலை செய்யாது, "அம்மா" என்று அடிக்கவே தனியாகப் புள்ளி வைக்க வேண்டும். ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி வழி எம்17என் நூலகம் தரும் தமிழ்99ஐ நிறுவுங்கள். ஒலிபெயர்ப்பில் பழகியவருக்கு அதே எம்17என்னில் ஃபொனெட்டிக் உண்டு. கேடிஇ வேலேண்டு மேசைச்சூழலில் ஐபஸ் முரண்டுபிடித்தால் எஃப்சிட்டிஎக்ஸ்5 என்ற மாற்று உள்ளீட்டுக் கருவியை எடுத்து, அமைப்பில் மெய்நிகர் விசைப்பலகை என்ற இடத்தில் அதைத் தேர்ந்தெடுங்கள். அங்கே தேர்ந்தெடுக்காமல் விட்டதுதான் பெரும்பாலான குறைகளுக்குக் காரணம்.

பழைய ஆவணங்கள். கோயில், சங்கம், எழுத்தாளர் என்று யார் வந்தாலும் யூனிகோடுக்கு முந்திய பாமினியிலோ டிஸ்கியிலோ தட்டச்சிட்ட கோப்புகள் வரும். எழுத்துரு இல்லாத கணினியில் அவை குப்பையாகத் தெரியும், "லினக்ஸ் என் கோப்பைக் கெடுத்துவிட்டது" என்பார்கள். ஓபன்-தமிழ் பைத்தான் நூலகத்தில் யூனிகோடு மாற்றிகள் உண்டு. மூலக்கோப்பை ஒருநாளும் மாற்றாதீர்கள், நகலில் மட்டும் செய்யுங்கள். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வைத்திருப்பதால், தமிழும் ஆங்கிலமும் கலந்த வரியில் ஆங்கிலப் பகுதியும் தமிழாக மாறிக் குழம்பும். முகவரி, மின்னஞ்சல், தொலைபேசி எண் உள்ள வரிகளைக் கண்ணால் சரிபார்க்க வேண்டும்.

1997இல் தமிழ்நெட் மாநாடு இந்த ஊரில்தான் நடந்தது. நா. கோவிந்தசாமி இங்கிருந்துதான் தமிழை இணையத்தில் ஏற்றப் பாடுபட்டார். உத்தமம் (உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம்) 2000இல் இங்கேதான் தொடங்கியது. அந்த ஊரில் லோகேல் இல்லாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

#8 கோப்புக்கட்டு

சட்டப் பக்கம். சுருக்கமாக.

சங்கங்கள் சட்டப்படி 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்த அமைப்பு சங்கம் என்ற வரையறைக்குள் வருகிறது. தலைவர், பொருளாளர், சின்னம் என்று கிளம்புமுன் பதிவைப் பற்றி முடிவெடுங்கள். தொடக்கத்தில் சமூக மன்றத்தின் இந்தியர் நற்பணிச் செயற்குழு போன்ற ஏற்கெனவே உள்ள ஏற்பாட்டாளரின் நிகழ்ச்சிக்குத் தொண்டூழியர்களாகப் போவது சுலபம். இடம், காப்புறுதி, விளம்பரம் மூன்றும் அவர்கள் வழி கிடைக்கும். பொதுமக்களிடம் நிதி திரட்ட வேண்டாம், அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

பதிவுப் படிவத்தில் அடையாள அட்டை எண் கேட்கவே கூடாது. 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கோரினாலோ, ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலோ அன்றி அமைப்புகள் அதைச் சேகரிப்பது தவறு. பெயர், ஒரு தொடர்பு, கணினியின் வகை, அவ்வளவே. அமர்வு முடிந்து 60 நாளில் அழித்துவிடுவோம் என்று படிவத்திலேயே எழுதி, அப்படியே அழியுங்கள்.

வாட்ஸ்அப்: எல்லாரையும் ஒரே குழுவில் போட்டால் ஒருவர் எண் மற்ற அனைவருக்கும் தெரியும். ஒருவழி அறிவிப்புச் சேனல் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. தொண்டூழியர் பேச்சு மேட்ரிக்ஸ் என்ற கட்டற்ற அரட்டைத் தளத்தில் இருக்கட்டும். அதைவிட முக்கியம், எந்த அறிவிப்பும் வாட்ஸ்அப்பில் மட்டும் இருக்கக்கூடாது. பொது இணையப் பக்கத்தில் முதலில், மற்ற இடங்களில் அதன் சுட்டி.

திருட்டு ஆபிஸ்: காப்புரிமைச் சட்டம் 2021 இருக்கட்டும், அதைப் போட்டுக் கொடுத்த கணமே நம் பேச்சுக்கு மதிப்பில்லை. லிப்ரே ஆபிஸைக் காட்டுங்கள். அவர் அனுப்பும் கோப்பு மற்றவரிடம் டாக்எக்ஸாகப் போக வேண்டுமென்றால், சேமிக்கும் இயல்பு வடிவத்தை அமைப்பில் மாற்றிக் கொடுங்கள்.

தானமாக வரும் கணினியில் எஸ்எஸ்டி இருந்தால் மேலெழுதி அழிப்பது நம்பகமில்லை, வட்டுக்குள் ஒதுக்கிவைத்த இடங்களில் பழைய தரவு தங்கும். சாட்டா என்றால் செக்யூர் எரேஸ், என்விஎம்இ என்றால் அதன் சொந்த வடிவமைப்புக் கட்டளை.

#9 நிரலோடை

எல்லாவற்றையும் சேர்த்து வரைவு. இன்றிலிருந்து ஏழு நாள்.

"சிங்கப்பூரில் தமிழ் பேசும் எவரும் தம் கணினியையும் கைத்தொலைபேசியையும் தம் மொழியில், தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும். அதற்காக இவற்றை வாக்களிக்கிறோம்.

கட்டற்ற மென்பொருளையே முதலில் தருவோம். கட்டற்றதல்லாத கூறு இல்லாமல் கருவி ஓடாது என்றால், வந்தவரிடம் சொல்லி, அவர் சம்மதத்தோடு ஏற்றி, எழுத்தில் கொடுப்போம்.

வந்தவரின் பணத்தையோ படிப்பையோ வேலையையோ ஆபத்தில் வைக்கும் எதையும், அது எவ்வளவு கட்டற்றதாக இருந்தாலும், செய்யமாட்டோம். பள்ளி, அலுவலகக் கருவிகளைத் தொடமாட்டோம்.

உரிமம் மீறிய மென்பொருளைத் தொடமாட்டோம்.

வந்தவரின் தரவு அவருடையது. தேவைக்கு மேல் கேட்கமாட்டோம், வைத்திருக்கமாட்டோம்.

மேசையைவிட்டுப் போனவரைக் கைவிடமாட்டோம்.

இங்கே கண்ட குறைகளையும் செய்த திருத்தங்களையும் மேலூற்றுக்கு அனுப்புவோம்."

ஐந்தாவது வாக்குதான் செலவு பிடிப்பது. புதிதாக நிறுவியவர் முதல் மாதத்தில் நான்கு இடத்தில் தடுக்கி விழுவார்: அச்சுப்பொறி, காணொளி அழைப்பின் ஒலிவாங்கி, தமிழ்த் தட்டச்சு மாற்றும் விசை, அரசாங்க இணையச் சேவைகள். கடைசியது பெரும்பாலும் பயம்தான். சிங்பாஸ் கியூஆர் குறியீட்டை வருடி நுழைவது லினக்ஸ் உலாவியிலும் நடக்கும். அதை மேசையிலேயே அவர் கையால் ஒருமுறை செய்ய வைத்து அனுப்ப வேண்டும். வாரம் ஒரு மாலை, ஒன்றரை மணி நேரம், ஜிட்சி காணொளி அறையில் இரண்டு பேர் காத்திருப்பது என்று முறை போடலாமா? ஆறு பேர் சுழற்சியில் இருந்தால் ஒருவருக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் வரும்.

வெற்றியை வந்த தலைகளை எண்ணி அளக்காதீர்கள். மூன்று மாதம் கழித்து அந்தக் கணினி அதே இயங்குதளத்தில் ஓடுகிறதா, வந்தவர்களில் யாராவது மேசைக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார்களா, இரண்டையும் கேளுங்கள்.

#10 பலகைக்கல்

இந்தப் பக்கம் வருபவருக்கு முதல் வேலை எது என்றும் தீர்மானிக்க வேண்டும். மொழிபெயர்ப்பு மறுபார்வை நல்ல நுழைவாயில். லிப்ரே ஆபிஸுக்கு வெப்லேட், மொசில்லாவுக்கு பொன்டூன், இரண்டும் உலாவியிலேயே. ஓர் அமர்வுக்கு 20 சரம் (மொழிபெயர்க்க வேண்டிய துண்டு) போதும். "%s" போன்ற இடக்குறிகளைத் தொடக்கூடாது, அணுகுவிசையை "கோப்பு (_F)" என்பதுபோல் கடைசியில் அடைப்புக்குள் வைக்க வேண்டும், இவை இரண்டையும் முதல் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். இடக்குறி ஒன்று தொலைந்தால் செயலியே நின்றுபோகலாம்.

#11 ஞாயிறு தேக்கா

வரைவுக்கு என் ஒப்புதல், ஒரு திருத்தத்தோடு. முதல் வரியில் "தமிழ் பேசும் எவரும்" என்பது சரி. ஆனால் விடுதியில் தமிழரோடு ஒரே அறையில் வங்காளதேச ஊழியரும் இருப்பார், இருவரும் சேர்ந்தே வருவார்கள். மாற்று வாக்கியம்: "தமிழில் உதவுவோம், வேறு மொழியில் கேட்டு வருபவரையும் திருப்பி அனுப்பமாட்டோம்." வங்காளி விசைப்பலகையும் அதே எம்17என்னில் இருக்கிறது.

#12 நிரலோடை

சேர்த்தாயிற்று. ஆதரவாளர் கேள்விக்கு இன்னும் ஒருவரும் மாற்று எழுதவில்லை. என் முன்மொழிவு: இடம், பலகாரம், யூஎஸ்பி குச்சி ஏற்கலாம், நன்றிப் பலகையில் பெயர் போடலாம், வந்தவர்களின் தொடர்பு விவரத்தை ஆதரவாளர் கேட்டாலோ, நிறுவலில் தம் பொருளையும் சேர்க்கச் சொன்னாலோ வேண்டாம் என்போம். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள்.

#13 கம்பிவடம்

மறுப்பில்லை. திசைவியையும் சேமிப்புக் கணினியையும் நான் அமைத்துத் தருகிறேன், அமைப்புக் கோப்புகளைக் களஞ்சியத்தில் இடுகிறேன். யாராவது 10 மீட்டர் சுருள் வடம் ஒன்று, வெப்பத் துண்டிப்பும் பாதுகாப்பு முத்திரையும் உள்ளது, வைத்திருந்தால் சொல்லுங்கள். மன்ற அறைகளில் செருகி பெரும்பாலும் பின்சுவரில்தான் இருக்கும்.